பச்சை உடம்புக்குத் தண்ணீர் பகையா?

கேள்வி: என் மகளுக்கு வயது 24. தலைப்பிரசவம். ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்து இன்றோடு 9 நாள். கடைசி மாதத்தில் பி.பி. ஏறி மாத்திரை கொடுத்திருந்தார்கள். தண்டையார்பேட்டையில் மாடியில் ஒரே அறையுள்ள வாடகை வீடு எங்களுடையது. எண்ணூரிலிருந்து சம்பந்தியம்மா வந்து கூடவே இருக்கிறார். மருமகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் கூடாது, மீறினால் தையல் சீழ் பிடிக்கும், வயிறு பெருத்துவிடும், ஜன்னி காணும் என்கிறார். சோறு, பூண்டுக் குழம்பு, கருவாடு, இதுதான் பத்தியம். கடையில் வாங்கிய பிரசவ லேகியம் இரண்டு வேளை. புதன்கிழமை ஆயாவை வரச் சொல்லியிருக்கிறார். வெந்நீர் ஊற்றி, வயிற்றை அமுக்கி, இறுக்கிக் கட்டுவார்களாம். மகளுக்கு மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. நேற்றிலிருந்து தலை பாரம் என்கிறாள். பால் போதவில்லை என்று அழுகிறாள். எதைச் செய்யலாம், எதை விடலாம்? சம்பந்தியம்மாவைப் பகைத்துக்கொள்ளவும் முடியாது.
— ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்:

அம்மா, மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தத் தலைபாரத்தைப் பார்க்க வேண்டும், அதுவும் இன்றே. பக்கத்தில் உள்ள மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் பி.பி. பாருங்கள். பிள்ளை பிறந்ததும் பி.பி. தானாக இறங்கிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பிரசவமாகி 3 நாளிலிருந்து 6 நாளுக்குள்தான் பலருக்கு அது இன்னும் ஏறும். கர்ப்பத்தில் பி.பி. இருந்தவர்களுக்கு ஆறு வாரம் வரை ஆபத்து உண்டு. 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 160/110 தொட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். தலைவலியோடு கண் மங்கல், வாந்தி, மேல்வயிற்று வலி, வலிப்பு, கை கால் மரத்துப்போவது இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அளவு பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். ராயபுரம் அரசு ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், ராத்திரியானாலும் போகலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உட்கார்ந்தால் தலைவலி அதிகமாகி, படுத்தால் குறைகிறதா? அப்படியானால் அது முதுகில் போட்ட மயக்க ஊசியால் வந்ததாக இருக்கலாம். மருத்துவரிடம் இதைச் சொன்னால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிது.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன், ஏனென்றால் தலைபாரத்துக்கு அடுத்தபடியாக உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். சம்பந்தியம்மா ஜன்னிக்குப் பயப்படுவதில் தவறே இல்லை. வீட்டில் பிரசவம் நடந்த காலத்தில் பிள்ளை பெற்றவள் நாலாம் நாள், பத்தாம் நாள் காய்ச்சலில் பிதற்றி, வெட்டி வெட்டி இழுத்து இறந்துபோனதைக் கண்ணால் பார்த்த தலைமுறையிடமிருந்து வந்த பயம் அது. அந்த ஒரு பெயருக்குள் மூன்று வேறு வேறு நோய்கள் இருந்தன: கருப்பையில் கிருமி புகுந்து வரும் காய்ச்சல், பி.பி. ஏறி வரும் வலிப்பு, மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் குழாய் உறைந்து அடைத்துக்கொள்வது. இந்த மூன்றில் எதுவும் தண்ணீர் குடித்ததால் வருவதில்லை. மூன்றாவது நோயோ தண்ணீர் குடிக்காததால் கூடுகிறது. பிரசவத்தில் ரத்தம் அதிகம் போகாமலிருக்க, ரத்தம் சீக்கிரம் உறையும்படி உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது. அந்த உறையும் குணம் பிரசவத்துக்குப் பின்னும் சில வாரங்கள் நீடிக்கும். அந்த நேரத்தில் தண்ணீரையும் குறைத்து, சென்னைப் புழுக்கத்தில் ஜன்னலை மூடி வியர்க்க வைத்தால் ரத்தம் இன்னும் கெட்டியாகிறது. தலைவலியில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும் அந்த அடைப்புக்குப் பிரசவத்துக்குப் பின் தண்ணீரைக் குறைக்கும் வழக்கமும் ஒரு காரணம் என்று நம் நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

தையல் சீழ் பிடிப்பது கிருமியால். தண்ணீர் வயிற்றுக்குள் போய்த் தையலை நனைப்பதில்லை. வயிறு பெருத்துத் தெரிவது கருப்பையால்: பிள்ளை பிறந்ததும் அது தொப்புள் மட்டத்தில் நிற்கும், நாளுக்கு ஏறக்குறைய ஒரு விரற்கடை இறங்கி, 10 முதல் 14 நாளில் இடுப்பெலும்புக்குள் போய்விடும், பழைய அளவுக்கு வர ஆறு வாரம். உங்கள் மகள் இன்னும் அந்தப் பாதையில்தான் இருக்கிறாள்.

ஒரு நாளைக்குச் சுமார் 3 லிட்டர் நீராகாரம் அவளுக்கு வேண்டும். பால் கொடுக்கும் தாயின் உடம்பிலிருந்து பாலாக மட்டும் முக்கால் லிட்டர் வரை போகிறது. பச்சைத் தண்ணீர்தான் சம்பந்தியம்மாவுக்கு உறுத்தல் என்றால் அதைக் கொடுக்கவே வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோ, கொதிக்கவைப்பது எப்படியும் நல்லது. ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு டம்ளர் இருக்கட்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். பி.பி.க்காகவோ வேறு காரணத்துக்காகவோ மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அதன்படி நடங்கள்.

மூன்று நாள் மலச்சிக்கலுக்கும் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி பத்தியம். சோறும் குழம்பும் கருவாடும் மட்டும் என்றால் நார்ச்சத்துக்கு வழியில்லை. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். முக்கினால் தையல் இழுபடும் என்று பயந்து அவள் அடக்கியிருப்பாள், அடக்க அடக்க இன்னும் இறுகும். பூண்டுக் குழம்பு இருக்கட்டும், நல்ல பழக்கம். அதோடு பாசிப்பருப்பு, முருங்கைக்கீரை, பீர்க்கங்காய், சுரைக்காய், அவரைக்காய் இவற்றில் தினமும் இரண்டு சேரட்டும். வாழைப்பழமும் நன்றாகப் பழுத்த பப்பாளியும் சளி பிடிக்க வைக்காது, கொடுக்கலாம். நாளைக்கும் போகவில்லை என்றால் மருத்துவரிடம் சிரப் கேளுங்கள், தாய்ப்பாலைக் கெடுக்காத மருந்துகள் உண்டு. விளக்கெண்ணெய் வேண்டாம். வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் பால் கொடுப்பவளுக்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. உணவைக் குறைக்கும் எந்தப் பத்தியமும் இவளுக்கு ஆகாது. மருத்துவமனையில் கொடுத்த இரும்பு மாத்திரையை 180 நாள் விடாமல் போட வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி, டீயோடு வேண்டவே வேண்டாம்.

கருவாட்டை உங்கள் மகளுக்கு இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். கெட்டது என்பதற்காக இல்லை, பி.பி. இருந்தவளுக்கு அந்த உப்பு ஆகாது. காசிமேடு பக்கத்தில் இருக்கும்போது பச்சை மீனுக்கு என்ன குறை? நெத்திலி, காரப்பொடி, மத்தி நல்லவை. புரதம் நிறைய, முள்ளோடு மென்றால் கால்சியமும் சேரும். பால் சுறாப் புட்டைச் சம்பந்தியம்மா நிச்சயம் கேட்பார். சுறா மற்ற மீன்களைத் தின்று வாழும் மீன், அதன் உடம்பில் பாதரசம் சேர்கிறது, பெரியதாக ஆக ஆக அதிகமாகச் சேர்கிறது. தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் கொஞ்சம் போகும். தினசரிப் புட்டு வேண்டாம். ஆசைக்குச் சின்னச் சுறாவாக எப்போதாவது ஒரு நாள் செய்யலாம். அதே மஞ்சள், மிளகு, பூண்டு, வெங்காயம் போட்டு சங்கராவில்கூட புட்டு நன்றாக வரும்.

பால் போதவில்லை என்கிறாள். பாலைச் சுரக்க வைப்பது குழந்தை உறிஞ்சுவதுதான். மார்பு காலியாகக் காலியாகத்தான் ஊறும். ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பால் நன்றாகச் சுரக்கத் தொடங்குவது ஓரிரு நாள் தாமதமாகும், அவ்வளவே. பகலும் இரவுமாக 8 முதல் 12 தடவை வைக்க வேண்டும். குழந்தை ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா, 14-ஆம் நாளுக்குள் பிறந்த எடை திரும்பியதா, இந்த இரண்டையும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் பால் போதுகிறது, அவள் மனசு சொல்வதை நம்ப வேண்டாம். மடியில் கிடத்தினால் தையலில் அழுந்தும்; ஒருக்களித்துப் படுத்தபடி கொடுக்கலாம், அல்லது பக்கவாட்டில் தலையணை வைத்துக் குழந்தையைக் கையிடுக்கில் அணைத்து, கால் முதுகுப் பக்கம் போகும்படி பிடிக்கலாம். பூண்டுப்பால் தாராளமாகக் கொடுங்கள்: 150 மில்லி பால், 100 மில்லி தண்ணீர், உரித்த சின்னப் பூண்டு 8 பல், சிட்டிகை மஞ்சள், சிட்டிகை மிளகுத்தூள். பூண்டு மசியும் வரை சிறு தீயில் வேகட்டும், அவசரப்பட்டு இறக்கினால் பச்சைப் பூண்டின் காரம் வயிற்றை எரிக்கும்.

லேகியத்தை இரண்டு காரணத்துக்காக இன்றிலிருந்து நிறுத்துங்கள். முதலாவது, கடை லேகியத்தில் அதிமதுரம் இருக்கலாம், அது பி.பி.யை ஏற்றும். இரண்டாவது, பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாவில் உலோகத்தைப் புடம் போட்ட செந்தூரம், பஸ்பம் ஏதும் கலந்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. பால் கொடுப்பவளுக்கு அந்தச் சந்தேகமே கூடாது. பி.பி. சீராகி, காய்ச்சல் இல்லாமல், வயிறு ஒழுங்காகப் போக ஆரம்பித்த பிறகு, மூன்றாவது வாரத்தில் வீட்டிலேயே கிளறிக் கொடுக்கலாம். சர்க்கரை இருந்ததாக நீங்கள் எழுதவில்லை; கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த பெண்களுக்குக் கருப்பட்டி லேகியம் வேண்டாம்.

பாரிமுனைப் பக்கம் ராசப்ப செட்டித் தெருவில் சரக்கு எல்லாம் தனித்தனியாகவே கிடைக்கும், பொடித்ததை வாங்காதீர்கள். சுக்கு 50 கிராம், ஓமம் 25, சீரகம் 25, மிளகு 10, அரிசித் திப்பிலி 10, கண்டந்திப்பிலி 10, சித்தரத்தை 10. சுக்கையும் சித்தரத்தையையும் தட்டி உடைத்து, ஒவ்வொன்றையும் தனியாக, கை பொறுக்கும் சூட்டில் வறுங்கள். மொத்தமாகக் கொட்டி வறுத்தால் சீரகம் கருகும்போது சுக்கு பச்சையாகவே இருக்கும். கருகிய சீரகம் முழு லேகியத்தையும் கசக்க வைக்கும். அரைத்து மெல்லிய துணியில் சலியுங்கள். திப்பிலி நாரும் சுக்கு நாரும் தங்கினால்தான் தொண்டையில் அறுக்கும். அரை கிலோ கருப்பட்டியைக் கால் லிட்டர் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும் தீயைத் தணியுங்கள். பாலில் வேகவைத்து மசித்த பூண்டு 100 கிராம், பிறகு பொடி. கட்டி விழாமல் கிளறிக்கொண்டே நல்லெண்ணெய் 100 மில்லி, நெய் 100 மில்லி, கரண்டி கரண்டியாக விடுங்கள். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்தால் இறக்குங்கள். பதம் தாண்டினால் ஆறியதும் கல்லாகும். பதம் வராமல் இறக்கினால் ஈரம் நின்று ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். சாப்பிட்ட பிறகு, ஒரு வேளை மட்டும், சின்ன நெல்லிக்காய் அளவு. நெஞ்செரிச்சல் வந்தாலோ குழந்தைக்கு வயிறு இளகினாலோ பாதியாகக் குறையுங்கள். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், திப்பிலியும் மிளகும் சில மருந்துகளை உடம்பில் கூடுதலாக ஏற வைக்கும். ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுகிறார்கள் என்றால் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

புதன்கிழமை ஆயா வரட்டும், ஆனால் வயிற்றில் கை வைக்கக் கூடாது. கசடு வெளியேறத் தனியாக அமுக்க வேண்டியதில்லை. பால் கொடுக்கும்போதே கருப்பை சுருங்கி வெளியே தள்ளுகிறது, அதனால்தான் அந்த நேரத்தில் அடிவயிறு இழுத்து வலிக்கும். 9 நாள் தையலை அமுக்கினால் வெளித்தோல் தாங்கினாலும் உள்ளே இருக்கும் அடுக்கு விலகலாம். கால் பிடித்துவிடுவது இதம்தான், ஆனால் முதலில் இரண்டு கெண்டைக்காலையும் பாருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிக்கிறது என்றால் அங்கே ரத்தம் கட்டியிருக்கலாம். அந்தக் காலைத் தேய்த்தால் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போய்விடலாம். தேய்க்காமல் நேராக மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வெந்நீர்க் குளியலை நான் ஒருபோதும் தடுக்க மாட்டேன். ஒரு தாய்க்கு இன்னொருத்தி கையால் கிடைக்கும் சுகம் அது, தசைவலியும் குறையும். தையல் பிரித்து, காயம் காய்ந்து, குளிக்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு ஆரம்பியுங்கள். ஐந்து லிட்டர் தண்ணீரில் இரண்டு கைப்பிடி நொச்சி, ஒரு கைப்பிடி வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். முழங்கையை முக்கினால் இதமாக இருக்க வேண்டும், சுரீர் என்றால் சூடு அதிகம். ஆயாமார் ஆவி பறக்கப் பறக்க உயரத்திலிருந்து அடித்து ஊற்றுவார்கள். அதில்தான் தோல் வெந்து போகிறது, மயங்கியும் விழுகிறார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, ஸ்டூலில் உட்காரவைத்து, முதுகுக்கும் இடுப்புக்கும் காலுக்கும் மட்டும் சொம்பால் ஊற்றட்டும். காயத்தின் மேல் தண்ணீர் வழிந்தால் பரவாயில்லை, வேகமாக விழக் கூடாது. கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது. பிறகு தையலைச் சுத்தமான துண்டால் ஒற்றி எடுங்கள். மஞ்சளோ எண்ணெயோ பவுடரோ பூச வேண்டாம். கீழே தணல் வைத்துப் புகை காட்டுவது வேண்டாம். ஒரே அறையில் சாம்பிராணியும் வேண்டாம். எண்ணூர், மணலிக் காற்றே குழந்தை நெஞ்சுக்குப் போதும். தலையைத் துவட்டி மொட்டைமாடி வெயிலில் பத்து நிமிஷம் உலர்த்தினாலே காய்ந்துவிடும்.

வயிறு கட்டுவதைப் பற்றி: துணி கட்டினால் தொப்பை குறையாது. இருமும்போதும் எழுந்திருக்கும்போதும் தையலுக்குத் தாங்கலாக இருக்கும், அந்த அளவுக்கு நல்லது. மெத்தென்ற பருத்தித் துணியோ பெல்ட்டோ, இடுப்பெலும்பிலிருந்து மேல்நோக்கி, படுத்த நிலையில் சுற்றி, இரண்டு விரல் உள்ளே நுழையும்படி. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கழற்றிவிடுங்கள். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் முழுக்கக் கீழே போகும். இருமினால் சிறுநீர் சொட்டுவது, கருப்பை அடி இறங்குவது எல்லாம் அப்படித் தொடங்கலாம்.

குழந்தைக்கு ஒன்றே ஒன்று: ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். சர்க்கரைத் தண்ணீர், தேன், வசம்பு, உரை மருந்து, தெருவில் வரும் கழுதைப்பால் எதுவும் வேண்டாம். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் போகும். மார்க்காம்பைப் பிதுக்கினால் சீழ் கட்டும். தொப்புளில் எதையும் பூசாமல் காய விடுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், நம் வழக்கத்தில் எனக்கு எல்லாவற்றையும்விட மேலாகத் தெரிவது தீட்டு என்று சொல்லி அவளை அடுப்படிப் பக்கம் விடாமல் உட்காரவைப்பதுதான். தனித்தட்டு, மூலையில் கோரைப்பாய் எல்லாம் விட்டுவிடுங்கள். தரையிலிருந்து எழுந்தால் தையல் இழுக்கும், கட்டில் கடன் வாங்கியாவது போடுங்கள். ஒருக்களித்துத் திரும்பி, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். ஆனால் வேலை செய்யாத அந்த நாற்பது நாளைக் கண்டிப்பாகக் காப்பாற்றுங்கள். பதினோராம் நாள் புண்ணியாதானம் முடிந்ததும் பல வீடுகளில் அவள் கையில் துடைப்பம் வந்துவிடுகிறது. லாரித் தண்ணீர் பிடித்து மாடிக்கு ஏற்றும் ஒரு குடம் 15 கிலோ. ஆறு வாரத்துக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் அவள் தூக்கக் கூடாது. அதற்காகப் படுத்தே கிடக்கவும் கூடாது. அறைக்குள் நாலைந்து முறை நடந்தால்தான் காலில் ரத்தம் கட்டாது.

சம்பந்தியம்மாவிடம் எதையும் பிடுங்காதீர்கள், பொறுப்பைக் கூட்டிக் கொடுங்கள். எந்த மீன் வாங்குவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். லேகியம் கிளறுவது அவர் கை. ராத்திரி பால் குடித்ததும் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து இரண்டு மணி நேரம் அவர் வைத்திருந்தால் மகள் தூங்குவாள், இப்போது அவளுக்கு அதைவிடப் பெரிய மருந்து கிடையாது. தண்ணீர் விஷயத்தை நீங்கள் சொல்ல வேண்டாம். பி.பி. பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள், அல்லது செவிலியர் வீட்டுக்கு வரும் நாளில் அவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். ஜன்னிக்கு அவர் பயப்படுவதைச் செவிலியரிடமே சொல்லி விளக்கக் கேளுங்கள்.

மகளின் அழுகை இந்த நாட்களில் பலருக்கும் வருவதுதான், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் தொடர்ந்தால், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள், மனநல ஆலோசனை இலவசம். தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்றாலோ மந்திரிக்கப் போய் நேரத்தை விடாதீர்கள், அதுவும் அவசர சிகிச்சைதான். 100.4 டிகிரி காய்ச்சல், தையலில் சீழ், கருப்பையிலிருந்து நாற்றமடிக்கும் போக்கு, ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுதும் நனையும் உதிரம், மூச்சுத்திணறல் இவற்றுக்கும் அப்படித்தான்.

ஆறாவது வாரம் மருத்துவமனைக்குப் போகும்போது பி.பி., ரத்த அளவு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆபரேஷன் ஆனவளுக்கு அடுத்த கர்ப்பம் சீக்கிரம் தங்கக் கூடாது, அதற்கான வழியை அன்றே கேட்டு முடிவு செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டோடு, இப்போது நிறுத்திவைக்கச் சொன்ன அந்த லேகிய டப்பாவையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.